கரண்டை முடிவு செய்வது யார்? வோல்ட், ஆம்பியர், ஓம், வாட்: ஓர் எளிய விளக்கம்

நம் வீடுகளில் 'கரண்ட்' என்ற ஒரே சொல் நாலு வேலை பார்க்கிறது. விளக்கு அணைந்தால் 'கரண்ட் போச்சு'. பணம் கட்டச் சொல்லி வந்தால் 'கரண்ட் பில்'. ஃபேன் மெதுவாகச் சுற்றினால் 'கரண்ட் கம்மியா வருது'. ஈரக்கையோடு ஸ்விட்சைத் தொடப்போகும் பிள்ளையிடம் 'கரண்ட் அடிச்சிடும்'. இந்த நாலில் முதலாவது, வீட்டுக்கு வரும் மின்னழுத்தம் நின்றுபோனதைச் சொல்கிறது. இரண்டாவது, நாம் செலவழித்த மின்னாற்றலுக்கான கணக்கு. மூன்றாவது, மின்னழுத்தம் இறங்கிவிட்டது என்ற செய்தி. கடைசியாகச் சொன்னது ஒன்றுதான் உண்மையிலேயே கரண்ட், அதாவது உடம்பு வழியாக ஓடும் மின்னோட்டம்.

பேச்சுக்கு இது போதும். ஆனால் சார்ஜர் வாங்கும்போதும், கீசருக்கு எந்த சாக்கெட் போடுவது என்று எலக்ட்ரீஷியனிடம் பேசும்போதும் இந்த ஒரு சொல் போதாது. 'இது அதிக ஆம்பியர் சார்ஜர், போனை எரிச்சிடும்', 'லோ வோல்ட்டேஜ்னா எல்லாமே கரண்ட் அதிகமா இழுக்கும்', 'தடை அதிகமா இருந்தாத்தான் சூடு அதிகம்' என்று படித்தவர்களே உறுதியாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். மூன்றும் முழுச் சரியில்லை. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்: கரண்ட் எவ்வளவு ஓடும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்று நாம் யோசிப்பதில்லை.

மொட்டைமாடித் தொட்டி

மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. எல்லாக் குழாய்களும் மூடியிருக்கின்றன. ஒரு சொட்டுகூட ஓடவில்லை. ஆனாலும் கீழ்வீட்டுக் குழாயின் வாயில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. திறந்தால் பீறிட்டு வரும். அதே தொட்டியிலிருந்து மேல்மாடிக் குளியலறைக்கு வருவது நூலிழைபோல வரும், ஏனென்றால் அங்கே தொட்டிக்கும் குழாய்க்கும் உயர வித்தியாசம் குறைவு. இந்த முட்டும் அழுத்தம்தான் மின்னழுத்தம், ஊர்ப்பேச்சில் வோல்ட்டேஜ். இதை அளப்பது வோல்ட்டில். ஒன்றும் செருகாத சாக்கெட்டில் 230 வோல்ட் சும்மா நிற்கிறது, மூடிய குழாயில் தண்ணீர் நிற்பதைப்போல.

குழாயைத் திறந்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது? அதுதான் மின்னோட்டம். அளவு ஆம்பியர். குழாயின் குறுகல், உள்ளே படிந்த உப்பு, பாதி திருகிய வால்வு இவையெல்லாம் சேர்ந்து ஓட்டத்துக்குப் போடும் முட்டுக்கட்டை மின்தடை. அளவு ஓம்.

இப்போது கேள்வி: பக்கெட் எவ்வளவு வேகமாக நிரம்பும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? தொட்டியா, குழாயா? தொட்டி கொடுப்பது உயரத்தை மட்டும். குழாய் கொடுப்பது குறுகலை மட்டும். ஓட்டம் இரண்டும் சேர்ந்து பெற்ற பிள்ளை. அதைப்போல, சாக்கெட் யாருக்கும் ஆம்பியர் 'அனுப்புவதில்லை'. அது வோல்ட்டேஜை நீட்டிக்கொண்டு நிற்கிறது. செருகிய கருவியின் தடை எவ்வளவோ, அதற்கேற்ற மின்னோட்டம் ஓடுகிறது.

தண்ணீர் உவமை ஓரிடத்தில் கைவிட்டுவிடும். குழாய் உடைந்தால் தண்ணீர் கொட்டும். வயர் அறுந்தால் மின்னோட்டம் கொட்டுவதில்லை, நின்றுவிடும். அது ஓட ஒரு முழு வளையம் வேண்டும். ஃபேஸ் என்ற வயரில் எத்தனை ஆம்பியர் உள்ளே போகிறதோ அத்தனையும் நியூட்ரல் என்ற மற்ற வயரில் திரும்பிவிடும். அயர்ன் பாக்ஸ் ஆற்றலைத்தான் செலவழிக்கிறது, ஆம்பியரை 'தின்பதில்லை'. வீட்டு மெயின் போர்டில் இருக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு ஸ்விட்ச் வேலை செய்வதே இதை நம்பித்தான். போனதும் வந்ததும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. வீடுகளில் வழக்கமாகப் போடும் வகை, 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வித்தியாசம் வருவதற்குள் துண்டித்துவிடும். காணாமல்போன அந்தச் சிறு பங்கு ஒருவேளை மனித உடம்பு வழியாகத் தரைக்குப் போய்க்கொண்டிருக்கலாம்.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: மின்னழுத்தம் மின்வாரியம் தருவது, மின்தடை கருவிக்குச் சொந்தமானது, மின்னோட்டம் இரண்டின் விளைவு.

வகுத்தால் ஓம், பெருக்கினால் வாட்

ஒரு கருவியின் மேல் எத்தனை வோல்ட் நிற்கிறது, அதன் வழியாக எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்ற இரண்டு அளவும் கையில் இருந்தால் மற்ற இரண்டும் தானாக வந்துவிடும்.

வோல்ட் ÷ ஆம்பியர் = ஓம்.
வோல்ட் × ஆம்பியர் = வாட்.

முதல் கணக்கைக் கண்டவர் ஜெர்மனியில் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகன், ஜார்ஜ் சைமன் ஓம். பள்ளி ஆசிரியராக இருந்தபோது செய்த வேலை அது. அன்றைய பேட்டரிகளில் மின்னழுத்தம் நிலையாக நிற்காது. அளக்க அளக்க இறங்கும். அதனால் அவர் பிஸ்மத்தும் செம்பும் சேர்த்த ஓர் இணைப்பை எடுத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார். அந்த வெப்ப வித்தியாசம் சிறியதானாலும் அசையாத மின்னழுத்தத்தைக் கொடுத்தது. பிறகு வெவ்வேறு நீளக் கம்பிகளை மாற்றி மாற்றி இணைத்து, காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்தார். 1827-இல் முழுமையாக வெளியிட்டபோது சொந்த நாட்டில் பெரிய வரவேற்பு இல்லை. 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்தது. ஒரு முட்டாள்தனமான பேட்டரியோடு மல்லுக்கட்டாமல் அளவுகோலையே முதலில் சரிசெய்துகொண்ட அந்தப் பொறுமை எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது.

இரண்டாவது கணக்கில் வரும் வாட், மின்திறனின் அளவு: ஒரு நொடியில் எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்பது. அருவி ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரத்திலிருந்து விழுந்தாலும் சொட்டுச் சொட்டாக விழுந்தால் சக்கரம் அசையாது. ஆறே வந்தாலும் உயரம் இல்லாவிட்டால் தள்ளாது. உயரமும் ஓட்டமும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். அதனால்தான் பெருக்கல்.

இனி உங்கள் அயர்ன் பாக்ஸைத் திருப்பிப் பாருங்கள். '230 வோல்ட், 1000 வாட்' என்று இருக்கும். 1000-ஐ 230-ஆல் வகுத்தால் 4.35 ஆம்பியர். 230-ஐ 4.35-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 53 ஓம். 2000 வாட் கீசருக்கு அதே கணக்கில் 8.7 ஆம்பியர், 26 ஓம் சொச்சம். தண்ணீர் சூடாக்கும் 1500 வாட் ராடுக்கு 6.5 ஆம்பியர், 35 ஓம்.

இந்தக் கணக்குக்கு உடனே ஒரு பயன் இருக்கிறது. சின்ன பின் சாக்கெட் 6 ஆம்பியருக்கானது: 6 × 230 = 1380 வாட். பெரியது 16 ஆம்பியர்: 3680 வாட். ராடு 6.5 ஆம்பியர் கேட்கிறது. அதைக் கன்வெர்ட்டர் பிளக் போட்டு சின்ன சாக்கெட்டில் சொருகும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. 'ரொம்ப நாளா ஓடுதே' என்பார்கள். ஓடும், ஆனால் தினமும் தாங்கும் அளவைத் தாண்டித்தான் ஓடுகிறது.

பெரிய சார்ஜர், பெரிய பேட்டரி

5 வோல்ட் 1 ஆம்பியர் என்று எழுதிய பழைய சார்ஜர். புதிதாக வாங்கியதில் 5 வோல்ட் 3 ஆம்பியர். புதியது மூன்று மடங்கு கரண்டைப் போனுக்குள் திணித்துவிடுமா? திணிக்காது. வோல்ட் இரண்டிலும் ஒன்றுதான். எவ்வளவு எடுப்பது என்பது போனுக்குள் இருக்கும் சர்க்யூட்டின் முடிவு. 3 ஆம்பியர் என்பது 'இதுவரை கேட்டால் என்னால் கொடுக்க முடியும்' என்ற பொருளில்தான். கவனிக்க வேண்டியது வோல்ட்டை. 19 வோல்ட் லேப்டாப் சார்ஜரின் பின், 12 வோல்ட் ரூட்டரில் பொருந்துகிறது என்று சொருகினால் ரூட்டர் போய்விடும்.

கார் பேட்டரியும் இப்படித்தான். ஸ்டார்ட் செய்யும் நொடியில் அது நூற்றுக்கணக்கில் ஆம்பியர் கொடுக்கும். ஆனால் காய்ந்த கையால் அதன் இரண்டு முனையையும் தொட்டால் ஒன்றும் தெரியாது. காய்ந்த தோலின் தடை பல ஆயிரம் ஓம். பத்தாயிரம் என்றே வைத்தாலும் 12 ÷ 10,000, ஒரு மில்லி ஆம்பியர் சொச்சம். அதே முனைகளுக்குக் குறுக்கே ஒரு ஸ்பானர் விழுந்தால் கதை வேறு. ஸ்பானருக்குத் தடை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. தீப்பொறி பறந்து இரும்பே உருகும். பேட்டரி அதேதான், மாறியது தடை.

வீட்டு லைனில் இந்த ஆறுதல் கிடையாது. நனைந்த உடம்பின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். 230 ÷ 1000 = 0.23 ஆம்பியர். உயிர் போக அது தாராளம்.

லோ வோல்ட்டேஜில் கரண்ட் கூடுமா?

ராடுக்குக் கூடாது. அதன் தடை மாறாது, 35 ஓம்தான். மின்னழுத்தம் 180-க்கு இறங்கினால் மின்னோட்டம் 5.1 ஆம்பியராகக் குறையும். பெருக்கினால் 918 வாட். வோல்ட் இறங்கியதோ ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு, திறன் இறங்கியதோ ஐந்தில் இரண்டு பங்கு. வோல்ட் குறைந்ததால் ஆம்பியரும் குறைந்தது, குறைந்த இரண்டையும் பெருக்குகிறோம் என்பதால் அடி இரட்டிப்பாக விழுகிறது. பதினைந்து லிட்டர் பக்கெட்டை 20 டிகிரி சூடேற்ற 230 வோல்ட்டில் 14 நிமிடம் என்றால், 180 வோல்ட்டில் 23 நிமிடம் ஆகும்.

அப்படியானால் தோட்டத்தில் மோட்டார் ஓட்டுகிறவர்கள் சொல்வது பொய்யா? இல்லை, அவர்கள் சொல்வது மோட்டாருக்குச் சரி. கிணற்றின் ஆழம் மாறவில்லை, ஏற்ற வேண்டிய தண்ணீரும் மாறவில்லை. அந்த வேலையை முடிக்கவேண்டிய வாட் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. பெருக்கலின் விடை மாறக்கூடாது, ஒரு எண் இறங்கிவிட்டது என்றால் மற்றது ஏறித்தான் ஆகவேண்டும். மோட்டார் கூடுதல் ஆம்பியர் எடுக்கிறது. ஆம்பியர் 20 சதவீதம் கூடினால் காயிலில் உண்டாகும் சூடு 44 சதவீதம் கூடும். இது ஏன் என்பதை அடுத்துப் பார்ப்போம். காயில் கருகி, கட்டக் கொடுக்கும் மோட்டார்களில் பல இப்படிப் போனவைதான்.

மோட்டார், ஃபேன் பற்றி இன்னொன்று. அவற்றில் வோல்ட்டையும் ஆம்பியரையும் நேரே பெருக்கினால் உண்மையான வாட்டைவிடக் கூடுதலாக வரும், ஏனென்றால் வீட்டு மின்சாரத்தில் ஏறி இறங்கும் வோல்ட்டும் ஆம்பியரும் அங்கே ஒரே தாளத்தில் ஏறி இறங்குவதில்லை. ராடு, கீசர், அயர்ன் பாக்ஸ் மாதிரி சூடாக்கும் கருவிகளில் நேரே பெருக்கலாம்.

மல்டிமீட்டர் காட்டும் 65 ஓம்

பழைய 60 வாட் குண்டு பல்ப் ஒன்று வீட்டில் கிடந்தால் எடுங்கள். கணக்குப்படி அதன் மின்னோட்டம் 0.26 ஆம்பியர், தடை சுமார் 880 ஓம். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, கழற்றிய பல்பின் அடியில் இருக்கும் இரண்டு ஈயப் பொட்டுகளில் முனைகளை அழுத்தினால் 65-ஐ ஒட்டி ஏதோ ஓர் எண் காட்டும். முதல் முறை பார்ப்பவர் மீட்டரைத்தான் சந்தேகப்படுவார்.

மீட்டரும் சரி, கணக்கும் சரி. மீட்டர் அளந்தது குளிர்ந்த டங்ஸ்டன் இழையை. எரியும்போது அதே இழை 2,400 டிகிரியைத் தாண்டிய சூட்டில் இருக்கிறது; உலோகம் சூடாகச் சூடாகத் தடை ஏறும். 880 என்பது எரியும் இழையின் தடை. அதனால் ஸ்விட்ச் போட்ட முதல் கணத்தில் 65 ஓமுக்கு உரிய மூன்றரை ஆம்பியர் பாய்ந்து, கண் இமைப்பதற்குள் கால் ஆம்பியருக்கு இறங்குகிறது. குண்டு பல்புகள் பெரும்பாலும் ஸ்விட்ச் போடும் நொடியில் 'டப்' என்று போனதற்குக் காரணம் இந்த முதல் பாய்ச்சல்.

அயர்ன் பாக்ஸில் இந்த வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை. அதில் இருப்பது நிக்ரோம் என்ற உலோகக் கலவைக் கம்பி; சூடானாலும் தடை கொஞ்சம்தான் மாறும். குளிர்ந்த நிலையில் அளந்தாலே 53-ஐ ஒட்டி வரும். குண்டு பல்பானாலும் சூடாக்கும் கருவியானாலும், ஓடும்போது வோல்ட்டையும் ஆம்பியரையும் எடுத்து வகுத்தால் வருவதுதான் அந்த நேரத்து உண்மையான தடை.

தடை கூடினால் சூடு கூடுமா, குறையுமா?

குழப்பங்களிலேயே பெரியது இது. மேலே பார்த்த கணக்கில் 26 ஓம் கீசர், 53 ஓம் அயர்ன் பாக்ஸைவிட இரண்டு மடங்கு சூடு தருகிறது. தடை குறைந்தால் சூடு அதிகம். ஆனால் லூஸ் கனெக்‌ஷனில் தடை கூடித்தான் வயர் கருகுகிறது என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. கேட்க வேண்டியது: எது மாறாமல் நிற்கிறது, வோல்ட்டா ஆம்பியரா? வீட்டுக் கருவிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக 230 வோல்ட்டில் தொங்குகின்றன. அங்கே வோல்ட் நிலையானது. தடை குறைந்தால் ஓட்டம் கூடி, சூடு கூடும். ஆனால் ஒரே பாதையில் வரிசையாக நிற்கும் பகுதிகளான வயர், பிளக் பின், கீசர் காயில் ஆகியவற்றில் ஒரே ஆம்பியர்தான் ஓடுகிறது. அங்கே ஆம்பியர் நிலையானது. அந்தப் பாதையில் எந்த இடத்தில் தடை அதிகமோ அங்கேதான் சூடு அதிகம். வோல்ட் என்பது ஆம்பியர் × ஓம் என்பதால், வாட் கணக்கை ஆம்பியர் × ஆம்பியர் × ஓம் என்றும் எழுதலாம். ஆம்பியர் இரண்டு முறை வருவதைப் பாருங்கள். மோட்டாரில் 1.2 × 1.2 = 1.44 ஆனது இப்படித்தான். இதைச் சோதனையில் காட்டி 1841-இல் வெளியிட்டவர் இங்கிலாந்தின் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல்.

இதை எனக்குப் புத்தகத்தைவிட நன்றாகப் புரியவைத்தது எங்கள் வீட்டுக் குளியலறை சாக்கெட். 2000 வாட் கீசர். சில வாரமாகப் போட்டதும் பிளாஸ்டிக் கருகும் வாடை வரும். கழற்றிப் பார்த்தால் பிளக்கின் ஒரு பின் மட்டும் நீலம் பாரித்துக் கறுத்திருந்தது, சாக்கெட்டில் அந்தத் துளையைச் சுற்றி மஞ்சளாக உருகல். கீசர் பழசாகிவிட்டது, அதிகமாகக் கரண்ட் இழுக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

வந்த எலக்ட்ரீஷியன் முதலில் கிளாம்ப் மீட்டரை ஒற்றை வயரைச் சுற்றி மாட்டினார். 8.4 ஆம்பியர். 'சார், ஹீட்டர் ஒண்ணும் தப்பு பண்ணல, அளவாத்தான் எடுக்குது' என்றார். பிறகு சாக்கெட்டின் பின்பக்கத் திருகில் அளந்தார், 225 வோல்ட். கீசருக்குள் வயர் சேரும் இடத்தில் 222. (மின்சாரம் இருக்கும்போது திறந்து அளப்பது பழகியவர்கள் வேலை, நீங்கள் செய்ய வேண்டாம்.) இடையில் 3 வோல்ட் எங்கோ நின்றுவிட்டது. நடுவில் இருப்பது ஒன்றரை மீட்டர் வயரும் அந்தப் பின்னும்தான். வயரில் கால் வோல்ட் போகலாம், மீதி பின்னில்.

3 ÷ 8.4 = 0.36 ஓம். கேட்க ஒன்றுமே இல்லாததுபோல இருக்கிறது. ஆனால் 3 × 8.4 = 25 வாட். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். சுவருக்குள், பிளாஸ்டிக்குக்கு நடுவே, தினமும் அரைமணி நேரம் அப்படி ஒன்று எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

எனக்கு அப்போது வந்த சந்தேகம், மெயின் போர்டிலிருந்து வரும் வயரிலும் தடை உண்டே, அது ஏன் கருகவில்லை என்பது. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்குக் கிலோமீட்டருக்கு ஏழரை ஓம் அளவில் தடை. 25 மீட்டர் தூரம் என்றால் போக வர 50 மீட்டர்; 0.37 ஓம். அதே தடை, அதே 25 வாட் சூடு! ஆனால் அங்கே அது 50 மீட்டருக்குப் பரவி, மீட்டருக்கு அரை வாட் வீதம் சுவரில் கரைந்துவிடுகிறது. பின்னில் அத்தனையும் ஒரு கொண்டைக்கடலை அளவு இடத்தில்.

ஆம்பியர் கூடாததால், அளவுக்கு மீறி ஆம்பியர் ஓடினால் துண்டிக்கும் ஸ்விட்சான எம்சிபியும் ட்ரிப் ஆகவில்லை. அதன் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. இதனால்தான் லூஸ் கனெக்‌ஷனை அது காப்பாற்றும் என்று நம்பி விடக்கூடாது. பிளக் சுடுகிறதா, சாக்கெட் மஞ்சளாகிறதா என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

பிளக், சாக்கெட் இரண்டையுமே மாற்றினார். கருகிய முனை வரை வயரை வெட்டி, புதிதாகச் சீவி, திருகை இறுக்கினார். மறுபடி அளந்தபோது வித்தியாசம் 0.3 வோல்ட், ஆம்பியர் 8.5. பெருக்கினால் இரண்டரை வாட், அதில் பெரும்பங்கு வயரின் நீளம் முழுக்கப் பரவியது. கீசர் அரைமணி நேரம் ஓடி முடித்த பிறகு பிளக்கின் மேல் கை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்புகூட இல்லை.